அம்மாவின் குரலும் பதின்மூன்று வயதும்

"எத்தினை தரம் கூப்பிடுறன், காதில விழேல்லையோ?" குறிகட்டுவான் இறங்குதுறையில் யாரோ ஒரு அம்மா தன் மகளைப் பார்த்து இப்படிக் கேட்காத நாள் குறைவு. மகள் திரும்பிப் பார்ப்பதில்லை. லோஞ்ச் இயந்திரத்தின் இரைச்சல் என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் அதே இரைச்சலுக்குள் பத்து யார் தள்ளி நிற்கும் தோழி மெல்லச் சிரித்தால் அது அவளுக்குக் கேட்டுவிடுகிறது. அம்மாவுக்கு வயிற்றெரிச்சல் தரும் இந்த விஷயத்தை நரம்பியலாளர் இயந்திரத்துக்குள் வைத்து அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

ஐக்கிய அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் டானியல் ஏப்ரம்ஸ், வினோத் மேனன் ஆகியோரின் குழு 7 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு அர்த்தமில்லாத சில சொற்களை ஒலிபரப்பிக் கேட்க வைத்தது. சில ஒலிகள் அம்மாவின் குரல், மற்றவை முன்பின் தெரியாத பெண்களின் குரல். ஒவ்வொரு ஒலியும் ஒரு விநாடிக்கும் குறைவானது. அந்த இமைப்பொழுதுக்குள் அம்மாவை 97 வீதத்துக்கு மேல் பிழையில்லாமல் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். அம்மாவின் குரல் கேட்டபோது கேள்விப் புலன் சார்ந்த பகுதிகள் மட்டும் அல்ல, மகிழ்ச்சியும் உணர்ச்சியும் சார்ந்த பகுதிகளும் சேர்ந்து விழித்தன. 2016இல் வெளியான முடிவு இது.

அதே குழு 2022இல் பதின்மூன்று வயதைத் தாண்டியவர்களின் முடிவுகளை வெளியிட்டது. அம்மாவை அடையாளம் காணும் திறமை துளியும் குறையவில்லை. ஆனால் மூளையில் இன்பத்தை உணரும் மையமும், யார் எவ்வளவு முக்கியம் என்று மதிப்பிடும் பகுதியும் இப்போது அம்மாவின் குரலைவிட அந்நியக் குரலுக்கே கூடுதலாக விழித்தன. பிள்ளைப் பருவத்தில் இருந்தது பதின்மூன்று, பதினான்கு வயதளவில் தலைகீழாகிவிடுகிறது. பெண் பிள்ளை, ஆண் பிள்ளை என்ற வித்தியாசம் இதில் காணப்படவில்லை.

ஆகவே இறங்குதுறையில் நிற்கும் அந்த மகளுக்கு அம்மா கூப்பிடுவது நன்றாகக் கேட்கிறது. அவளுடைய மூளை வேறு குரல்களைத் தேடத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான். ஏன் தேடுகிறது, அதற்கு அம்மாவும் அப்பாவும் என்ன செய்யலாம் என்பதைப் பற்றி ஆய்வுகள் சொல்பவை வியப்பூட்டுபவை. சில ஆறுதலும் தருபவை.

உடம்பு முந்தும், மூளை பிந்தும்

பருவமடைதல் மூளையின் அடியில், பெருவிரல் நுனியளவுள்ள பரிவகக்கீழ் என்ற பகுதியில் தொடங்குகிறது. பல வருடம் அடங்கியிருந்த அந்த இடம் ஒரு நாள் இரவுத் தூக்கத்தில் துடிப்புத் துடிப்பாக ஓர் ஓமோனை விடத் தொடங்குகிறது. அது கபச்சுரப்பியைத் தட்டி எழுப்ப, கபச்சுரப்பி சூலகத்தைத் தட்டி எழுப்புகிறது.

பரிவகக்கீழை முதலில் எழுப்புவது எது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1996இல் பென்சில்வேனியாவின் ஹேர்ஷி நகரில் புற்றுநோய் ஆய்வாளர்கள் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்த நகரம் ஹேர்ஷிஸ் கிஸ்ஸஸ் என்ற சொக்லேற்றுக்குப் பேர்போனது. அதை நினைத்து மரபணுவுக்கும் 'கிஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2003இல் பாரிஸிலும் பொஸ்ரனிலும் தனித்தனியாக வேலை செய்த இரண்டு குழுக்கள், பருவமடையாமலே வளர்ந்துவிட்டவர்கள் சிலரின் மரபணுக்களை ஆராய்ந்தன. 'கிஸ்' மரபணு உண்டாக்கும் கிஸ்பெப்ரின் என்ற பொருளை ஏற்கும் வாயில் அவர்களிடம் பழுதாகியிருந்தது. பெண் பிள்ளை பெரியவளாவதற்கான முதல் அழைப்பைக் கொடுப்பது இந்தக் கிஸ்பெப்ரின்தான்.

அந்த அழைப்பு எப்போது வரும் என்பதில் உடம்பின் போசாக்குக்குப் பெரிய பங்கு உண்டு. உடம்பில் போதிய கொழுப்பு இருக்கிறது என்பதை மூளைக்கு அறிவிக்கும் லெப்ரின் என்ற ஓமோனை ஜெப்ரி பிறீட்மனின் குழு 1994இல் கண்டறிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட ஐரோப்பாவில் பெண்கள் பதினாறு, பதினேழு வயதில்தான் பருவமடைந்தார்கள். சாப்பாடும் சுகாதாரமும் முன்னேற, அது பதின்மூன்று வயதளவுக்கு இறங்கிவிட்டது. நம் ஊர்களிலும் அம்மம்மா பெரிய பிள்ளையான வயதையும் பேத்தி பெரிய பிள்ளையான வயதையும் கேட்டுப் பார்த்தால் பல வீடுகளில் இந்த இறக்கம் தெரியும்.

உடம்பின் நேரசூசி இப்படி முந்திக்கொண்டது. மூளையின் நேரசூசி முந்தவில்லை. ஆறு வயதுக்குள்ளேயே மூளை வளர்ந்தவரின் பருமனில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுவதால், அதன் பிறகு பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். சிக்காகோவில் பீற்றர் ஹட்டன்லொக்கர் என்ற வைத்தியர், இறந்தவர்களின் மூளைத் துண்டுகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்து நரம்பு இணைப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினார். குழந்தைப் பருவத்தில் மூளையின் முற்பகுதியில் வளர்ந்தவரைவிட மிகக் கூடுதலான இணைப்புகள் இருந்ததையும், பதின்ம வயதுக்குள் அவை குறைந்ததையும் 1979இல் அறிவித்தார்.

உயிருள்ள பிள்ளைகளில் இதைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வரவேண்டியிருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் என்ற மருத்துவர் ஒரே பிள்ளைகளையே ஆண்டுக் கணக்காகத் திரும்பத் திரும்பப் படம் எடுத்தார். 1999இல் வெளியான முடிவின்படி, நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளையின் சாம்பல்நிறப் பொருள் பெண் பிள்ளைகளில் ஏறத்தாழ 11 வயதில் உச்சிக்கு வருகிறது. ஆண் பிள்ளைகளில் 12இல். அதன் பிறகு மெல்ல மெல்லக் குறைகிறது. புகையிலைத் தோட்டத்தில் பக்கத்தில் வெடிக்கும் முளைகளைக் கிள்ளிவிட்டால்தான் இலை பருக்கும்; இங்கு நடப்பதும் அதுதான். பாவிக்கும் இணைப்பு நிலைக்கிறது, பாவிக்காதது கழிகிறது. எஞ்சும் நரம்புகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை படர, செய்தி பல மடங்கு வேகத்தில் ஓடுகிறது. இந்தத் திருத்த வேலை மூளையின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி நகர்கிறது. திட்டமிடல், பொறுத்தல், விளைவை எண்ணிப் பார்த்தல் ஆகியவற்றுக்கான முன்மூளைக்கு முறை வருவது கடைசியில்தான். இருபது வயதைக் கடந்தும் அந்த வேலை முடிந்துவிடுவதில்லை.

உணர்ச்சியும் ஆசையும் சார்ந்த பகுதிகளோ ஓமோன்களின் வருகையோடு முழு வேகம் எடுத்துவிடுகின்றன. பன்னிரண்டு வயதில் உடம்பு பெரிய பெண். இருபத்திரண்டு வயதிலும் முன்மூளை இன்னும் கட்டி முடியாத வீடு. இடையில் கிடக்கும் பத்து வருடத்தில்தான் வீட்டுச் சண்டைகளில் முக்கால்வாசி நடக்கிறது.

பத்தடி முன்னால் நடப்பவள்

ஆனி மாதம் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குச் சனம் குறிகட்டுவானுக்கு அள்ளுண்டு வரும். அந்தக் கூட்டத்தைக் கவனித்தால், பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளை குடும்பத்துக்குப் பத்தடி முன்னாலோ பின்னாலோதான் நடப்பாள். அப்பா சத்தமாகக் கதைத்தால் முகம் சுருங்கும். அம்மா கொண்டு வந்த புட்டுப் பார்சலை எல்லோருக்கும் முன்னால் பிரித்தால், "ஐயோ அம்மா, விடுங்கோ, எல்லாரும் பாக்கினம்" என்பாள். உண்மையில் யாரும் பார்ப்பதில்லை.

யாரும் பார்க்காதபோதும் பார்க்கிறார்கள் என்று உணர்வதை 1967இல் டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் கற்பனைப் பார்வையாளர் என்று வர்ணித்தார். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் லியா சமர்வில் 2013இல் அதைப் பரிசோதித்துக் காட்டினார். 8 முதல் 23 வயது வரையானவர்களை எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் படுக்க வைத்து, "இப்போது கமெரா இயங்குகிறது, உன் வயதுள்ள ஒருவர் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று மட்டும் அறிவித்தார்கள். கமெராவும் இல்லை, பார்ப்பவரும் இல்லை. வேறு எந்த வேலையும் கொடுக்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கே பதின்ம வயதினருக்கு வெட்கம் ஏறியது, தோலில் வியர்வை கசிந்தது, தன்னைப் பற்றி எண்ணும் மூளைப் பகுதி துடித்தெழுந்தது. சிறுபிள்ளைகளிடம் அது அவ்வளவு இல்லை.

இதை வாசிக்கும்போது நம் சாமத்தியவீடுகள் நினைவுக்கு வராமல் இராது. அந்தச் சடங்கின் உள்ளே நல்ல அறிவும் இருந்தது. உழுத்தம்மாக் களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து, ஓய்வு கொடுத்து, மாமியும் சித்தியும் அம்மம்மாவும் சுற்றியிருந்து, உன்னைக் கவனிக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒரு பிள்ளைக்கு உணர்த்திய ஏற்பாடு அது. மாதவிடாய் தொடங்கிய பிள்ளைக்கு இரும்புச் சத்தின் தேவை அதே வயது ஆண் பிள்ளையைவிடக் கூடுதல். அது குறைந்தால் களைப்பும் எரிச்சலும் வரும். இன்றோ மண்டபம், மணவறை, வீடியோக்காரர், மேலே சுற்றும் ட்ரோன் கமெரா, பிறகு முகநூலில் படம் என்று சடங்கு பெருத்துவிட்டது. வாழ்நாளில் பிறர் பார்வை மிகக் கூர்மையாகக் குத்தும் வயதில், உடம்பின் அந்தரங்க மாற்றம் ஒன்றை ஊருக்கே காட்டுகிறோம். சில பிள்ளைகள் விரும்பித்தான் இருக்கிறார்கள். விரும்பாத பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் அதைத் திமிர் என்று எடுக்கக்கூடாது.

தோழிகள் சேர்க்காமல் விட்டால் ஏன் உலகமே இடிந்ததுபோல அழுகிறாள் என்பதற்கும் விடை இருக்கிறது. இலண்டனில் கதறின் செபஸ்ரியன், சாரா ஜெயின் பிளேக்மோர் ஆகியோர் பெண் பிள்ளைகளையும் வளர்ந்த பெண்களையும் கணினியில் பந்தெறியும் விளையாட்டு ஒன்றில் ஈடுபடுத்தினார்கள். சிறிது நேரம் கழித்து மற்ற இரு ஆட்டக்காரர்களும் அவர்களுக்குப் பந்து எறிவதை நிறுத்திவிடுவார்கள். ஆட்டக்காரர்கள் உண்மையான மனிதர்களே அல்ல, கணினி நிரல்கள். அப்படியிருந்தும், ஒதுக்கப்பட்ட பிறகு பதின்ம வயதுப் பெண்களின் மனநிலை வளர்ந்தவர்களைவிட அதிகமாகச் சரிந்தது. 2010இல் வெளியான இந்த முடிவை ஒரு வட்ஸப் குழுவிலிருந்து தூக்கப்பட்ட பிள்ளையின் அம்மா ஒரு தடவையாவது நினைத்துப் பார்க்கவேண்டும். "இதுக்கெல்லாமோ அழுறது" என்ற கேள்விக்கு, ஓம், இதற்குத்தான் என்பதே விடை.

விடியாத காலை

நெடுந்தீவு லோஞ்சுக்கோ யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸுக்கோ காலையில் பிள்ளையை எழுப்பித் தயார்ப்படுத்துவது தீவுப்பகுதி வீடுகளில் தினசரிப் போர். குறிகட்டுவானிலிருந்து பட்டணம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று கடல்வழிப் பாலங்களைக் கடந்து போகவேண்டும். பாடசாலை காலை ஏழரைக்குத் தொடங்கிவிடும். பட்டணத்தில் படிக்கும் பிள்ளை இருட்டோடு எழும்பவேண்டும். முதல் நாள் இரவு பதினொன்றரை வரை விழித்திருந்தவள் அவள்.

இதில் போனுக்குப் பங்கு உண்டு, முழுப் பொறுப்பு இல்லை. பிறவுண் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன், போன் வருவதற்கு வெகு காலம் முன்பே, 1993இல், பருவமடைதலோடு உறங்கும் நேரம் பின்தள்ளுவதைக் காட்டியிருந்தார். இரவு வந்துவிட்டது என்று உடம்புக்கு அறிவிக்கும் மெலற்றோனின் இந்த வயதில் பிந்திச் சுரக்கத் தொடங்குகிறது. விழித்திருக்க விழித்திருக்க ஏறும் தூக்கக் களையும் மெதுவாகத்தான் ஏறுகிறது. எலிகளிலும் ரீசஸ் குரங்குகளிலும்கூட இளம் பருவத்தில் இதே பின்தள்ளல் காணப்பட்டிருக்கிறது. அவற்றிடம் போன் கிடையாது. மியூனிச் நகரின் ரில் றோனபேர்க் 2004இல் ஆயிரக்கணக்கானோரின் தூக்க நேரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்தப் பிந்தல் பெண்களில் 19 வயது கடந்து உச்சிக்கு வந்து, பிறகு மெல்லத் திரும்புவது தெரிந்தது.

13 முதல் 18 வயதுவரை எட்டு முதல் பத்து மணிநேரத் தூக்கம் தேவை. இரவு பதினொன்றரைக்குப் படுத்து விடிய ஐந்துக்கு எழும்பும் பிள்ளைக்குக் கிடைப்பது ஐந்தரை மணிநேரம். எரிச்சல், மறதி, சடாரென்ற அழுகை, வகுப்பில் தூக்கம் எல்லாம் அந்தப் பற்றாக்குறையின் வட்டி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல், இடைநிலைப் பாடசாலைகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. கலிபோர்னியா மாநிலம் அதைச் சட்டமாக்கி, உயர்நிலைப் பாடசாலைகளுக்கு 2022 யூலை முதல் நடைமுறைப்படுத்தியது. நம் பாடசாலை மணியை நாம் மாற்ற முடியாது. விடியற்காலை ரியூசனைப் பற்றியாவது வீட்டில் மறுபடி யோசிக்கலாம். சனி ஞாயிறில் ஏழரை மணிக்குப் போர்வையை இழுக்காமல் விடலாம்.

சண்டை எதைப் பற்றியது

றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தின் ஜூடித் ஸ்மெற்றானா பல ஆண்டுகளாகப் பெற்றோர் பிள்ளைச் சண்டைகளை ஆராய்ந்தவர். பெரும்பாலான சண்டைகள் பெரிய விஷயங்களைப் பற்றியவை அல்ல என்று அவர் கண்டார். அறை கிடக்கும் கோலம், உடுப்பு, தலைமுடி, வீட்டு வேலை, எந்நேரமும் போன், இவைதான். ஒரே விஷயத்தை இருவரும் இரு வேறு பெட்டிகளில் வைத்திருப்பதே கோளாறு. முடியை விரித்துவிடுவதை அம்மா ஊர் முறை என்று பார்க்கிறாள். மகளுக்கு அது தன் தலை. களவெடுக்கக்கூடாது, ஆளுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்பதிலோ, கடலில் தனியே இறங்கக்கூடாது என்பதிலோ பிள்ளைகள் பெற்றோரின் அதிகாரத்தை அவ்வளவாக எதிர்ப்பதில்லை. தங்கள் சொந்த விஷயம் என்று நினைப்பதில்தான் நிமிர்ந்து நிற்கிறார்கள்.

பிறெற் லோர்சனும் சகாக்களும் 1998இல் பல ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது. சண்டைகளின் எண்ணிக்கை கட்டிளமைப் பருவத்தின் தொடக்கத்தில்தான் உச்சம், பிறகு குறைகிறது. சூடு மட்டும் நடுப்பருவம் வரை ஏறுகிறது. பன்னிரண்டு வயது மகளோடு நாளுக்கு நாலு சண்டை பிடிப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. பதினைந்து வயது மகளோடு எப்போதாவது பிடிக்கும் சண்டை ஏன் கதவு அதிர முடிகிறது என்பதற்கும் இதுவே விளக்கம்.

சண்டை நடக்கும்போது மகளின் தலைக்குள் என்ன நடக்கிறது? பிற்ஸ்பேர்க், பேர்க்லி, ஹாவார்ட் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வில் 32 பிள்ளைகள் பங்குபற்றினார்கள். அவர்களுடைய சொந்த அம்மாமார் அவர்களைக் குறைசொல்லும் முப்பது விநாடி ஒலிப்பதிவை, எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அவர்களையே கேட்க வைத்தார்கள். எதிர்மறை உணர்ச்சி சார்ந்த பகுதிகள் கொதித்தன. அதை அடக்கும் முன்மூளைப் பகுதிகளும், எதிராளி என்ன நினைக்கிறார் என்று விளங்கிக்கொள்ள உதவும் பகுதிகளும் அடங்கிப் போயின. அம்மா முப்பது விநாடி ஏசினால், ஏன் ஏசுகிறாள் என்று யோசிக்கும் பகுதியே படுத்துவிடுகிறது. அரை மணிநேரப் பிரசங்கத்துக்கு என்ன பலன் என்பதை நாமே கணக்குப் போடலாம்.

அம்மாவின் பயத்துக்கும் காரணம் உண்டு

மூளை ஆய்வை மட்டும் வைத்துக்கொண்டு தீவுப்பகுதி அம்மாமாருக்குப் புத்தி சொல்லப் போவது நியாயம் ஆகாது. அவர்கள் மகளைப் பொத்திப் பொத்தி வளர்ப்பதற்குக் காரணங்கள் உண்டு. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதில் வந்தவர்கள் குழந்தைகள், பெண்கள், முதியவர்கள் என்று பாராமல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் தீவுகளை விட்டுச் சனம் பெருவாரியாக வெளியேறியது. இன்று பதினைந்து வயது மகளை வைத்திருக்கும் அம்மாவின் சொந்தப் பதினைந்து வயது, இடம்பெயர்ந்த வீடுகளிலும் குப்பி விளக்கு வெளிச்சத்திலும் கழிந்தது. மகள் கேட்கும் தனி அறையும் தனிமையும் அவளுக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை.

போர் முடிந்த பிறகும் பயம் முடியவில்லை. 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலைக்குப் போன உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி கடத்தப்பட்டு, வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டாள். வடக்கே கொதித்தெழுந்தது. 2017 செப்ரெம்பரில் யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் எழுவருக்கு மரண தண்டனை விதித்தது. அந்தப் பாதையில் இன்றும் பிள்ளைகளை அனுப்பும் ஓர் அம்மா, "போய்ச் சேர்ந்தவுடன கோல் எடு" என்று மூன்று தரம் சொன்னால் அது பத்தாம்பசலித்தனம் ஆகாது. பாதை பாதுகாப்பாக இருக்கவேண்டியது பொலிசாரினதும் ஊரினதும் பொறுப்பு. அந்தப் பொறுப்பின் சுமையையும் பெண் பிள்ளையின் தலையில், அவளது உடுப்பிலும் சிரிப்பிலும், கட்டிவிடுவதுதான் பிழை.

பயமும் வேண்டும், பிரசங்கமும் பலிக்காது என்றால் என்ன வழி? இங்குதான் எனக்கு மிகப் பிடித்த ஆய்வு வருகிறது. 2005இல் மார்கோ கார்ட்னரும் லோறன்ஸ் ஸ்ரைன்பேர்க்கும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். தனியே ஓட்டியதைவிடக் கூட்டாளிகள் பக்கத்தில் நின்றபோது பதின்ம வயதினர் கூடுதலாக ஆபத்தை விலைக்கு வாங்கினார்கள்; வளர்ந்தவர்களில் அந்த வித்தியாசம் இல்லை. பத்து வருடம் கழித்து, 2015இல், ஈவா ரெல்சரின் குழு அதைத் திருப்பிப் போட்டது. பதினான்கு வயதுப் பிள்ளைகள் இதுபோன்ற விளையாட்டைத் தனியாகவும், பிறகு அம்மா பார்த்துக்கொண்டிருக்கவும் ஆடினார்கள். அம்மா இருந்தபோது ஆபத்தான முடிவுகள் குறைந்தன. அதைவிட வியப்பு மூளைக்குள் தெரிந்தது. ஆபத்தான முடிவு தந்த கிளர்ச்சி தணிந்தது. பாதுகாப்பான முடிவே இன்பமாக உணரப்பட்டது. முன்மூளையின் கட்டுப்படுத்தும் பகுதி கூடுதலாக வேலை செய்தது.

அம்மாவின் குறைசொல்லலைக் கேட்க வைத்த ஆய்வையும் இந்த ஆய்வையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். அம்மாவின் ஏச்சு முன்மூளையை அணைக்கிறது. அம்மாவின் இருப்பு அதை எழுப்புகிறது. இன்னும் கட்டி முடியாத ஒரு பகுதிக்கு முட்டுக் கொடுக்கத் தாயோ தகப்பனோ பக்கத்தில் இருந்தாலே போதும்.

நெடுந்தீவுக் குதிரைகள்

குறிகட்டுவானிலிருந்து ஒரு மணிநேரக் கடற்பயணத்தில் நெடுந்தீவு. அங்கே கற்பாறை மதில்களுக்கும் பனைகளுக்கும் அப்பால், ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் கட்டாக்காலியாக மேய்கின்றன. பிரான்ஸின் காமார்க்கிலும் அமெரிக்காவின் நெவாடாவிலும் இத்தகைய குதிரைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தவர்கள் ஒரு பொது வழக்கத்தைக் கண்டார்கள். குட்டிகள், ஆணோ பெண்ணோ, பருவத்துக்கு வந்து இரண்டு மூன்று வயதாகும்போது பிறந்த கூட்டத்தை விட்டுப் போய் வேறு கூட்டத்தில் சேர்கின்றன. கூட்டத்துக்குள்ளேயே இரத்த உறவில் இனம் பெருகாமல் காக்கும் ஏற்பாடு அது. பல பாலூட்டிகளில் ஏதோ ஒரு வடிவில் இதைக் காணலாம். புதிய முகத்தில் ஆர்வம், துணிவு, வீட்டில் ஒட்டாமை என்று நாம் குறை சொல்லும் அத்தனையும், ஓர் இளம் உயிர் பிறந்த இடத்தைவிட்டுப் போய்ப் பிழைக்கத் தேவைப்படும் சாமான்கள்.

பிள்ளையைப் பிரியும் வலி தமிழுக்குப் புதிதல்ல. ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில், மகள் போய்விட்ட பிறகு தாய் வருந்துவதற்கென்றே ஒரு பத்துப் பாடல்களை ஓதலாந்தையார் ஒதுக்கியிருக்கிறார். அம்மா அன்றும் கலங்கினாள், மகள் அன்றும் போனாள்.

இந்தப் பருவம் பெற்றோருக்குத் தரும் சந்தோசங்களும் உண்டு. ஆய்வுக்கூடங்கள் அவற்றையும் காணத் தவறவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜூலியட் டேவிடோவும் டஃப்னா ஷொஹாமியும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், செய்து பார்த்து, சரி பிழையிலிருந்து கற்கும் விளையாட்டில் பதின்ம வயதினர் வளர்ந்தவர்களை வென்றார்கள். இன்பத்துக்கு ஏங்கும் அதே மூளைப் பகுதியும் நினைவைச் சேமிக்கும் பகுதியும் அவர்களில் கைகோத்து வேலை செய்ததே காரணம். மகளை அலைக்கழிப்பது எதுவோ அதுவேதான் அவளை நம்மைவிட விரைவாகக் கற்க வைக்கிறது. நேற்றுவரை சொன்னதைக் கேட்ட பிள்ளை இன்று, "அது எப்பிடி அப்பா நியாயம்?" என்று மடக்குகிறாள் என்றால், கண்ணுக்குத் தெரியாத நீதி, உரிமை போன்றவற்றை வைத்து வாதாட முன்மூளை பழகிவிட்டது என்று அர்த்தம். அவள் கேட்கும் பாட்டுகளும் இப்போது அவள் கூட இருப்பவர்களும் எழுபது வயதிலும் அவளுக்கு மறக்காது. முதியவர்களின் நினைவுகளைத் திரட்டும் ஆய்வுகளில், பத்து முதல் முப்பது வயது வரையான காலத்து நினைவுகளே திரும்பத் திரும்ப மேலெழுகின்றன. அந்த நினைவில் நாம் எந்தக் கோலத்தில் இருக்கப் போகிறோம் என்பது இன்றைய நம் நடத்தையில் தங்கியிருக்கிறது.

ஆகவே பெற்றோருக்குச் சொல்ல இருப்பது சொற்பம்தான். முடி, உடுப்பு, அறை போன்ற சின்ன விஷயங்களில் சிலவற்றை அவளிடமே விட்டுவிடுங்கள். கடல், இரவுப் பயணம், அந்நியர் போன்ற பெரிய விஷயங்களில் உறுதியாக நில்லுங்கள். ஏசுவதென்றால் இரண்டு வசனத்தில் முடியுங்கள். தூக்கத்தைப் பறிக்காதீர்கள். கோபம் இருபக்கமும் தணிந்த பிறகு, பஸ்ஸிலோ அடுப்படியிலோ பக்கத்தில் இருந்து, கேள்வி கேட்காமல் சும்மா கதையுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் சோர்ந்தே கிடந்தாலோ, சாப்பாடும் தோழிகளும் வேண்டாமென்றாலோ, சாவதைப் பற்றி ஒரு சொல் சொன்னாலோ அதை வயதுக் கோளாறு என்று தள்ளிவிட வேண்டாம். வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ எந்நேரமும் அழைக்கலாம். மற்றபடி, கூப்பிட்டால் திரும்பாத மகள் கேட்காமல் இருக்கவில்லை. அம்மாவின் குரலை 97 வீதம் அடையாளம் காணும் அந்தத் திறமை அவளிடம் அப்படியே இருக்கிறது.